வெயில் இறங்காத தண்ணீர்

தென்பெண்ணை கொடியாளத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. நுழைந்ததும் அதைப் பிடித்து நிறுத்தும் பெரிய அணை கெலவரப்பள்ளி. ஓசூரிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர். முழுசாக நிரம்பினால் 44.28 அடி. மேட்டூரின் 120 அடிக்குப் பக்கத்தில் வைத்தால் சின்ன அணைதான். ஆனாலும் மழைக்காலம் வந்தால் செய்தித்தாளில் இதற்கு ஓர் இடம் நிச்சயம் உண்டு. வெள்ளத்தை விட நுரைதான் இதற்குப் பேர் வாங்கிக் கொடுத்திருக்கிறது.

ஒரு செடிக்கு வெளிச்சம் எப்படிச் சோறாகிறது, அந்த வெளிச்சத்துக்குக் குறுக்கே எதெல்லாம் வந்து நிற்கிறது என்பதை ஒரே சுற்றில் பார்த்துவிட ஓசூர் வட்டாரத்தைப் போல வசதியான இடம் எனக்குத் தெரிந்து இல்லை. கருத்துக் கிடக்கும் அணைத் தண்ணீர், பாலித்தீன் கூரைக்குள் ரோஜா, ராத்திரி பல்பு எரியும் சாமந்தி, மானாவாரி ராகி, தூசி மூடிய மாமரம். எல்லாமே ஒரு நாள் பைக் ஓட்டத்துக்குள் இருக்கின்றன. ஐப்பசி மழை ஒரு வாரம் ஓய்ந்திருந்த நேரமாகப் பார்த்துக் கிளம்பினேன்.

ஜூஜூவாடி எல்லையைத் தாண்டியதும் வழக்கமான காட்சிகள். சிப்காட்டுக்கு ஷிஃப்ட் மாறப் போகும் கம்பெனி பஸ்கள், மூன்று மொழியில் பெயர்ப்பலகை வைத்த டீக்கடைகள், காய்கறி மூட்டை ஏற்றிய சின்ன வண்டிகள். டீக்கடையில் ஒருவர் தெலுங்கில் கேட்டார், இன்னொருவர் கன்னடத்தில் பதில் சொன்னார், கடைக்காரர் தமிழில் காசு கேட்டார். எல்லையோரத்துக்கு இது சாதாரணம்.

அணையின் மேற்பரப்பில் நுரை அதிகம் இல்லை. படத்தில் மட்டும் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்கும். தேங்கி நிற்கும்போது தண்ணீர் கருப்பாக, லேசான பச்சை ஓட, சும்மா கிடக்கிறது. மதகைத் தாண்டி விழுந்து அடிபடும்போதுதான் அது பொங்குகிறது. சோப்புத்தூளிலும் ஷாம்புவிலும் உள்ள நுரைப்பான்கள், கழிவில் ஊறிய கரிமப் பொருள்கள், அவற்றைத் தின்று பெருகிய பாக்டீரியாக்கள் எல்லாம் சேர்ந்து காற்றைப் பிடித்துக்கொள்கின்றன. அணைக்குக் கீழே நந்திமங்கலம் பக்கம் தரைப்பாலத்தையே நுரை மூடிவிட்ட படங்கள் பல முறை வந்திருக்கின்றன. நான் போன அன்று அந்த அளவுக்கு இல்லை. கரையோரப் புல்லின் மேல் காய்ந்துபோன சாம்பல் நிறத் தோல் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. நாற்றம் இருந்தது. சாக்கடை நாற்றமும் மருந்து நாற்றமும் கலந்த ஒன்று, கொஞ்ச நேரத்தில் தொண்டையில் உட்கார்ந்துகொள்கிறது.

இந்த ஆறு நந்தி மலையில் பிறக்கிறது. கர்நாடகத்தில் தட்சிண பினாகினி என்று பெயர். பெங்களூருவின் கிழக்குப் பக்கச் சாக்கடை பெள்ளந்தூர் ஏரிக்கும் அங்கிருந்து வர்த்தூர் ஏரிக்கும் போய், மிஞ்சியது இந்த ஆற்றில் விழுகிறது. 2015இல் நுரைக்குத் தீப்பிடித்து உலகச் செய்தியானதே, அதே பெள்ளந்தூர்தான். ஓசூர்க்காரர்கள் பெங்களூருவைக் கை காட்டுகிறார்கள். பெங்களூருக்காரர்கள் எல்லைக்கு இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளைக் கை காட்டுகிறார்கள். அந்த வழக்கைத் தீர்க்க நான் வரவில்லை. ஆனால் ஒரு கோடிக்கு மேல் மக்கள் வாழும் நகரத்தின் கழிவு இறங்கி வரும் பாதையில் இந்த அணை இருக்கிறது என்பதை மறைத்துவிட்டுப் பேச முடியாது.

மீன் பிடிக்கும் ஒருவர் பரிசலைக் கவிழ்த்துப் போட்டுத் தார் பூசிக்கொண்டிருந்தார். "இப்ப என்ன மீன் அண்ணா கிடைக்குது?" என்றேன்.

"ஜிலேபிதான். கெண்டையெல்லாம் முன்ன மாதிரி இல்ல. ஜிலேபி எதுலயும் பொழைக்கும்."

"மீன் செத்து மிதக்குமா?"

"செல நாளு. மேகமூட்டமா ரெண்டு மூணு நாள் இருந்துச்சுன்னா பாக்கலாம். விடியறதுக்கு முன்னாடி வந்தீங்கன்னா எல்லாம் மேல வந்து வாயப் பொளந்துகிட்டு நிக்கும். வெயில் ஏறுச்சுன்னா உள்ள போயிரும்."

இந்த இரண்டு வரியில் ஒளிச்சேர்க்கைப் பாடத்தின் பாதி இருக்கிறது. தண்ணீருக்குள் இருக்கும் பாசியும் செடியும் பகலில் கரியமில வாயுவை எடுத்து ஆக்சிஜனை விடுகின்றன. மூச்சு விடுவதோ பகலும் இரவும் நடக்கிறது. வெயில் போனதும் ஆக்சிஜன் வரத்து நின்றுவிடும், செலவு நிற்காது. கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாக்களும் அதே இருப்பிலிருந்துதான் எடுக்கின்றன. அதனால் விடியலுக்குச் சற்று முன்புதான் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. இரண்டு நாள் மேகம் போட்டால் பகல் வரவும் குறைந்து, மூன்றாம் நாள் விடியலில் மீன் சாகிறது. பரிசல்காரர் மேகத்தைப் பார்த்தே இதைச் சொல்லிவிடுகிறார்.

பச்சைச் செடி காற்றைச் சுத்தப்படுத்த வெளிச்சம் வேண்டும் என்பதை முதலில் திட்டமாக நிறுவியவர் யான் இங்கன்ஹவுஸ் என்ற டச்சு மருத்துவர். 1779இல் இங்கிலாந்தில் ஒரு கோடைக்காலம் முழுக்க உட்கார்ந்து ஐந்நூறுக்கு மேல் பரிசோதனை செய்தார். இலையைத் தண்ணீருக்குள் வைத்தால் வெயிலில் குமிழி வந்தது, இருட்டில் நின்றது. இலையும் பச்சைத் தண்டும்தான் இந்த வேலையைச் செய்தன. வெயிலின் சூடு போதாது, வெளிச்சமே வேண்டும் என்பதையும் பிரித்துக் காட்டினார். நம் பள்ளிக்கூடத்தில் ஹைட்ரில்லாவைப் புனலுக்குள் போட்டு, மேலே சோதனைக்குழாயைக் கவிழ்த்து, ஒரு சிட்டிகை சமையல் சோடாவும் போட்டு ஜன்னலோரம் வைப்போமே, அது அவருடைய பரிசோதனையின் வாரிசு.

ஹைட்ரில்லாவை உலக அறிவியலில் பெரிய ஆளாக்கியவர்களில் ஒருவர் நம் ஜகதீச சந்திர போஸ். ஒவ்வொரு குமிழி வெளியேறும்போதும் தானாகப் பதிந்துகொள்ளும் கருவியைக் கல்கத்தாவில் செய்தார். வெளிச்சம் ஏறி இறங்குவதற்கேற்பச் செடியின் உழைப்பும் ஏறி இறங்குவதைச் செடியே கோடு போட்டுக் காட்டியது. 1924இல் ஒளிச்சேர்க்கையைப் பற்றித் தனி நூலாக வெளியிட்டார். கோடைக்குளத்தில் நெருக்கியடித்து வளரும் ஹைட்ரில்லா, குளிர்காலச் செடியைப் போல நடந்துகொள்ளவில்லை என்பதையும், அதில் மாலிக் அமிலம் சேர்வதையும் அவர் அப்போதே கவனித்திருக்கிறார். அதன் அர்த்தம் முழுசாக விளங்க உலகத்துக்கு இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. ராகி வயலுக்குப் போகும்போது அதைச் சொல்கிறேன்.

குறைந்த வெளிச்சத்தில் பிழைப்பதிலும் ஹைட்ரில்லா கெட்டிக்காரச் செடி. முழு வெயிலில் நூற்றில் ஒரு பங்கு கிடைத்தால்கூட வாழ்ந்துவிடும். அமெரிக்காவில் ஏரி ஏரியாக அடைத்துக்கொள்வதால் அதை ஒழிக்கப் பெரும் பணம் செலவழிக்கிறார்கள். அப்படிப்பட்ட செடியைக் கெலவரப்பள்ளிக் கரையில் நான் நடந்த தூரம் வரை தேடினேன். ஒரு கொடிகூடக் கண்ணில் படவில்லை. கரையோரம் இருந்ததெல்லாம் ஆகாயத்தாமரை.

கையோடு ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டும், முடிச்சுப் போட்ட கயிறும் கொண்டு போயிருந்தேன். 1865இல் ஏஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் போப்பாண்டவரின் கப்பலில் மத்தியதரைக் கடலில் போய், வெள்ளைத் தட்டைக் கயிற்றில் இறக்கி, அது கண்ணிலிருந்து மறையும் ஆழத்தை அளந்தார். இன்றைக்கும் ஏரி ஆராய்ச்சிக்காரர்கள் அதே தட்டைத்தான் முதலில் இறக்குகிறார்கள். இப்போது 20 சென்டிமீட்டர் அகலம், கருப்பும் வெள்ளையுமாக நான்கு கட்டம், அவ்வளவுதான் மாற்றம். தட்டு மறையும் ஆழத்தைப் போல் இரண்டு, இரண்டரை மடங்கு வரை ஒளிச்சேர்க்கைக்குப் போதுமான வெளிச்சம் இறங்கும் என்பது நடைமுறைக் கணக்கு. அதற்குக் கீழே செடி சம்பாதிப்பது அதன் மூச்சுச் செலவுக்கே பற்றாது.

பரிசல்காரர் கொஞ்ச தூரம் உள்ளே கூட்டிப்போனார். தட்டு ஒரு முழம் இறங்குவதற்குள் மங்கியது. அடுத்த முடிச்சு தண்ணீரைத் தொடுவதற்குள் காணாமல் போனது. ஒரு நாள், ஒரு இடம், ஒரு பீங்கான் தட்டு. இதை ஆய்வு என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் காலில் தண்ணீர் படாமல் கரையில் நின்று பார்க்கிறவருக்கும் இந்த அணையில் வெயில் மேலேயே நின்றுவிடுகிறது என்பது ஒரே நிமிடத்தில் விளங்கிவிடும்.

"இதுக்குக் கீழ எல்லாம் ஒரே சேறுதான் சார். கால வெச்சா கொப்புளம் கொப்புளமா வரும்" என்றார். அந்தக் கொப்புளம் ஹைட்ரில்லாவின் கொப்புளம் அல்ல. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் கழிவு அழுகி வெளிவரும் வாயு.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. செடிக்கு வேண்டிய உரம் இந்தத் தண்ணீரில் ஏராளம். சாக்கடையோடு வரும் நைட்ரஜனும் சோப்பிலிருந்து வரும் பாஸ்பரசும் உரக்கடையில் மூட்டை கட்டி விற்பவைதான். அப்புறம் ஏன் அடியில் ஒரு செடியும் இல்லை? 1905இல் பிளாக்மன் என்ற ஆங்கிலேயர் இதற்கு ஒரு விதி சொன்னார். ஒளிச்சேர்க்கைக்கு வெளிச்சம், கரியமில வாயு, வெப்பம் எனப் பல பொருள் வேண்டும். வேலையின் வேகத்தைத் தீர்மானிப்பது அவற்றில் எது மிகக் குறைவாக இருக்கிறதோ அதுதான். மற்றதை எவ்வளவு கொட்டினாலும் பயன் இல்லை. கெலவரப்பள்ளியின் அடித்தண்ணீரில் எல்லாம் இருக்கிறது, வெளிச்சம் மட்டும் இல்லை. மேலே வந்த உரமே மிதக்கும் பாசியையும் ஆகாயத்தாமரையையும் கொழுக்க வைத்து, அவை வெயிலை மறித்துக்கொண்டன.

ஆகாயத்தாமரை இந்த ஏற்பாட்டில் எல்லா வகையிலும் ஜெயித்த செடி. இலை தண்ணீருக்கு மேலே இருப்பதால் வெயில் முதலில் அதற்குத்தான். கரியமில வாயுவைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. வேர் மட்டும் சாக்கடைக்குள் தொங்குகிறது. சாதகமான பருவத்தில் இரண்டு வாரத்துக்குள் இரட்டிப்பாகிவிடும். அது விடும் ஆக்சிஜனும் பெரும்பாலும் காற்றுக்குத்தான் போகிறது, தண்ணீருக்கு இல்லை. பொக்லைன் வைத்து வாரிக் கரையில் கொட்டுவதைப் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். உரம் வந்துகொண்டே இருக்கும்வரை அது சம்பளம் கொடுத்து வளர்க்கிற வேலை.

அணையிலிருந்து வலது, இடது வாய்க்கால் பிடித்துப் போகும் தண்ணீரில் சுமார் 8,000 ஏக்கர் விளைகிறது. முட்டைக்கோஸ், தக்காளி, பீன்ஸ், கொத்தமல்லி. வாய்க்கால் ஓரத்தில் ஒரு விவசாயி, "நுரை வயல்ல வந்து நாத்து மேல படிஞ்சுட்டா எல வெளுத்துப் போகுது" என்றார். நுரை காய்ந்தால் இலை மேல் ஒரு படலம் நிற்கும். வெளிச்சமும் குறையும், இலைத்துளையும் அடைபடும். நுரையில் வேறென்ன இருக்கிறது என்பதைப் பொறுத்துச் சேதம் கூடும்.

மதியத்துக்கு மேல் ரோஜாப் பக்கம் போனேன். ஓசூரைச் சுற்றி, தளி சாலையில் அமுதகொண்டப்பள்ளி வரை, வெள்ளைக் கூரைகளாகத் தெரிபவை பாலிஹவுஸ்கள். பிப்ரவரி 14க்காக வெளிநாட்டுக்குப் பறக்கும் 'தாஜ்மகால்' சிவப்பு ரோஜா இங்கே இருந்துதான் ஏராளமாகப் போகிறது. கடல்மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம் என்பதுதான் ஓசூரின் மூலதனம். பகலில் தமிழ்நாட்டு வெயில், ராத்திரியில் மேட்டுநிலக் குளிர். பகலில் இலை சம்பாதித்ததை ராத்திரி மூச்சாகச் செலவழிக்கிறது. ராத்திரி சூடாக இருந்தால் செலவு அதிகம், குளிர்ந்தால் மிச்சம் அதிகம். அந்த மிச்சம்தான் நீண்ட தண்டும் பெரிய மொட்டும்.

ஒரு சின்னத் தோட்டத்துக்குள் மேற்பார்வையாளர் தம்பி கூட்டிப்போனார். உள்ளே வெயில் சுடவில்லை. வெளிச்சம் நிழலே விழாமல் எல்லாப் பக்கமும் பரவி நின்றது. பாலித்தீன் படலம் வெயிலை உடைத்துப் பரப்புவதால் கீழ் இலைக்கும் பங்கு கிடைக்கிறது.

செடிகளைப் பார்த்ததும் எனக்குப் புரியவில்லை. பாதிக் கிளைகளை ஒடித்தாற்போல நடைபாதைப் பக்கம் வளைத்துப் போட்டிருந்தார்கள். "ஏன் தம்பி, காற்றில் சாய்ந்ததா?"

"இல்ல சார், பெண்டிங். நாங்களே வளச்சி விட்டது. அதுல பூ எடுக்க மாட்டோம். அது எலைக்காக."

மெலிந்த கிளையை வெட்டி எறிவதில்லை. அடியில் மடக்கி வெளிச்சம் படுகிற பக்கம் சாய்த்துவிடுகிறார்கள். அது சாகாது. இலையை விரித்து, வெயிலைப் பிடித்து, சர்க்கரை செய்து செடிக்குள் அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தச் சர்க்கரையில் நடுவிலிருந்து நிமிர்ந்து புறப்படும் தண்டில்தான் விற்கிற பூ. இருபது பூ ஒரு கட்டு. கடையில் அந்தக் கட்டை வாங்குபவர் பார்க்காத கிளைகள் பாத்தியோரம் படுத்துக்கொண்டு வேலை செய்கின்றன. ஓசூரில் நான் பார்த்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

கூரைமேல் இரண்டு பேர் ஏறி தண்ணீர் பீய்ச்சிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். புதிதாகப் போட்ட படலம் வெளிச்சத்தில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் உள்ளே விடும். தூசியும் பாசியும் படியப் படிய அது குறையும். ஒரு சதவீத வெளிச்சம் போனால் ஒரு சதவீத விளைச்சல் போகும் என்பது நெதர்லாந்துப் பசுமைக்குடில்காரர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. "மழ மாசத்துல வெளிச்சம் பத்தாது சார். மொட்டு வராம குருட்டுத் தண்டு நிறைய வரும். மேகம் நாலு நாள் சேர்ந்து நின்னா ஆர்டர் தள்ளிப் போயிரும்" என்றார் தம்பி. காதலர் தினத்துக்குப் பூ வேண்டுமானால் கார்த்திகையிலேயே வெட்டிவிட்டு நாள் எண்ணத் தொடங்குகிறார்கள். அந்த எண்ணிக்கையைக் கலைப்பது மேகம்தான்.

வெயில் அதிகமானாலும் ஆபத்து. ரோஜா, தக்காளி, முட்டைக்கோஸ் போன்ற செடிகளின் ஒரு தனி இலை, உச்சி வெயிலில் பாதிக்கும் குறைவான வெளிச்சத்திலேயே வயிறு நிறைந்துவிடும். அதற்கு மேல் வருவதை வேலைக்குப் பயன்படுத்த முடியாது. வெப்பமாகக் கழிக்க வேண்டும். கழிக்க முடியாத அளவு வந்தால் பசுங்கணிகத்தின் உறுப்புகளே சேதமாகும். மார்ச், ஏப்ரலில் கூரைக்குக் கீழே நிழல்வலையை இழுத்து விடுவது இதற்காகத்தான். பக்கத்து நாற்றங்கால்களிலும் இதே கதை. நிழல்வலைக்குள் குழித்தட்டில் வளர்ந்த தக்காளி நாற்றை எடுத்து நேரே திறந்த வெயிலில் நட்டால் இலை வெளுத்துவிடும். நடுவதற்குச் சில நாள் முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெயில் காட்டிப் பழக்குகிறார்கள்.

இருட்டிய பிறகு தேன்கனிக்கோட்டைச் சாலையில் திரும்பும்போது ஒரு வயல் முழுக்கப் பல்பு எரிந்துகொண்டிருந்தது. கல்யாணமா என்று எட்டிப் பார்த்தால் சாமந்தி. பாத்திக்கு மேல் கம்பி கட்டி வரிசையாக எல்இடி பல்புகள். செடிக்கு ராத்திரியும் சாப்பாடு போடுகிறார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். அது சரியல்ல. உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ். இந்தப் பல்பு இலைமேல் விடுவது நூறு லக்ஸ் இருந்தால் அதிகம். அதில் நடக்கும் ஒளிச்சேர்க்கை செடியின் மூச்சுச் செலவுக்குக்கூடக் காணாது. சாமந்தி நீண்ட இரவு வந்தால்தான் மொட்டு வைக்கும் செடி. நடு ராத்திரியில் வெளிச்சம் காட்டினால் அது இரவு நீளவில்லை என்று எடுத்துக்கொண்டு தண்டை மட்டும் வளர்த்துக்கொண்டிருக்கும். தண்டு வேண்டிய உயரம் வந்ததும் பல்பை அணைத்துவிட்டால் எல்லாம் ஒன்றாக மொட்டு வைக்கும். பகல், இரவின் நீளத்தைச் செடி அளக்கிறது என்பதை 1920இல் கார்னரும் அலார்டும் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். இலைக்குள் வெளிச்சத்தைப் பார்க்கும் நிறமி பச்சையம் அல்ல, ஃபைட்டோகுரோம் என்ற இன்னொன்று. ஆக ஒரே வெளிச்சத்தில் செடிக்குச் சாப்பாடும் உண்டு, நாள்காட்டியும் உண்டு. சாமந்தி விவசாயி முதலாவதற்கு ஒரு பைசா கொடுப்பதில்லை. இரண்டாவதற்கு மின்கட்டணம் கட்டுகிறார்.

மறுநாள் காலை ராகிக் காடு. கதிர் பழுத்து விரல் மடங்கத் தொடங்கியிருந்தது. நடுநடுவே அவரைச் சால். பாலிஹவுசின் குழாய், வலை, கூரை எதுவும் இங்கே இல்லை, வானம் மட்டும்தான். ஆனால் ஒளிச்சேர்க்கையில் இந்த வட்டாரத்தின் உண்மையான கெட்டிக்காரன் ராகி. ரோஜா இலை பாதி வெயிலில் திணறுகிற இடத்தில், ராகி இலை உச்சி வெயில் முழுவதையும் வாங்கிக்கொண்டு வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும்.

காரணம் இலையின் உள்கட்டமைப்பில் இருக்கிறது. செடிகள் கரியமில வாயுவைப் பிடிக்கப் பயன்படுத்தும் ரூபிஸ்கோ என்ற நொதி, சூடு ஏற ஏறத் தடுமாறி, கரியமில வாயுவுக்குப் பதில் ஆக்சிஜனையும் பிடித்துவிடுகிறது. அதைச் சரிசெய்யவே செடிக்குச் சர்க்கரை வீணாகிறது. ராகி, சோளம், கரும்பு போன்றவை முதலில் வேறொரு நொதியால் கரியமில வாயுவைப் பிடித்து, மாலிக் போன்ற நான்கு கரி அமிலமாக்கி, நரம்பைச் சுற்றியுள்ள உறைச் செல்களுக்குக் கொண்டுபோய் அங்கே அவிழ்த்துவிடுகின்றன. ரூபிஸ்கோவைச் சுற்றிக் கரியமில வாயு நெருக்கமாக இருப்பதால் அது தடுமாறுவதில்லை. இலைத்துளையை அகலத் திறக்கவும் தேவையில்லை, தண்ணீர் மிச்சம். இந்தப் பாதையை 1966இல் ஆஸ்திரேலியாவில் ஹேட்சும் ஸ்லாக்கும் கரும்பில் விளக்கினார்கள். கோடை ஹைட்ரில்லாவில் போஸ் பார்த்த மாலிக் அமிலமும் இதே இனத்து வித்தைதான் என்பது பின்னாளில் தெரிந்தது. உறைச் செல் அமைப்பு இல்லாமலே, சூடும் கரியமிலப் பஞ்சமும் வந்தால் ஹைட்ரில்லா இந்த வழிக்கு மாறிக்கொள்கிறது.

களி தின்னும் சனம் இந்த வறண்ட மேட்டில் ராகியை விடாமல் பிடித்துக்கொண்டது உயிர்வேதியியல் படித்து அல்ல. ஆனால் எடுத்த முடிவு சரி. இனி கோடை இன்னும் சூடாகும் என்கிற காலத்தில், ராகிக்காட்டை அழித்து மனை போடுவதும், ரோஜாவுக்குக் குளிர்ச்சி செய்ய மின்சாரம் செலவழிப்பதும் ஒரே தாலுகாவில் நடப்பதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

கிருஷ்ணகிரிக்கு இறங்கும் தேசிய நெடுஞ்சாலையில் மாந்தோப்புகள். பெங்களூரா மாங்காய்க்குப் பேர்போன பகுதி. கிரானைட் வண்டிகளும் கல் அரைக்கும் இடங்களும் இருக்கும் பக்கம் ரோட்டோர மரங்களுக்கு இலை பச்சை என்று சொல்ல முடியாது, சிமெண்ட் நிறம். ஒரு இலையைக் கைக்குட்டையால் துடைத்ததும் அதற்குப் பக்கத்து இலை வேறு மரத்து இலை போலத் தெரிந்தது. தூசி வெளிச்சத்தைத் தடுக்கிறது, இலைத்துளையை அடைக்கிறது, இலையைச் சூடாக்குகிறது. பாலிஹவுசுக்காரர் ஆள் வைத்துக் கூரையைக் கழுவுகிறார். மாமரத்தை மழைதான் கழுவ வேண்டும். பூ எடுக்கும் தை, மாசியில் அந்த மழையும் இல்லை.

கிருஷ்ணகிரி அணையில் தண்ணீர் பச்சையாக இருந்தது. கெலவரப்பள்ளியில் கருப்பாக இறங்கிய உரம் இங்கே அகன்ற பரப்பில் வெயில் கண்டு பாசியாகிவிடுகிறது. காற்றடித்த பக்கம் கரையில் அது பெயிண்ட் போல ஒதுங்கியிருந்தது. இன்னும் கீழே சாத்தனூர், அப்புறம் கடலூர்க் கடல். மேலே இருப்பவரின் குளியலறையும் கீழே இருப்பவரின் குடிநீரும் ஒரே ஆற்றில்தான் இருக்கின்றன.

ரோஜாத் தோட்டத்தில் வெளிச்சம் குறைந்தால் அன்றைக்கே தெரிகிறது, ஏனென்றால் அதில் காசு போகிறது. ஆற்றுக்குள் வெளிச்சம் குறைந்தால் சொல்ல ஆள் இல்லை. தினமும் காலையில் அணையின் நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம் என மூன்று எண்கள் செய்திக்கு வருகின்றன. அடியும் கன அடியும் தண்ணீர் எவ்வளவு என்று சொல்லும், அதில் உயிர் வாழ முடியுமா என்று சொல்லாது. நான்காவதாக ஓர் எண் சேர்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை: தட்டு எத்தனை சென்டிமீட்டரில் மறைந்தது. கொடியாளம், கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி மூன்று இடத்திலும் ஒரே நேரத்தில் எடுத்தால், எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து எப்படி வருகிறது, இந்தப் பக்கம் என்ன சேருகிறது என்பதும் பிரிந்து தெரியும். ரசாயனப் பரிசோதனைக்கு மாற்று அல்ல இது. ஆனால் ஆய்வகம் வேண்டாம், மின்சாரம் வேண்டாம், டெண்டர் வேண்டாம்.

நீர்வளத்துறை தொடங்கும் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஓசூர், கிருஷ்ணகிரிப் பள்ளிகளின் அறிவியல் ஆசிரியர்களே, ஹைட்ரில்லாவைப் புனலுக்குள் போட்டுக் காட்டும் அந்த வாரத்தில், பிள்ளைகளைப் பத்திரமாகக் கரையில் நிற்க வைத்து, நீங்கள் ஒரு முறை தட்டை இறக்கிப் பாருங்கள். தேதி, நேரம், மேகம், ஆழம் நான்கையும் பிள்ளைகள் நோட்டில் எழுதட்டும். வருடக் கடைசியில் அந்த நோட்டின் நகலை மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்பி வையுங்கள்.